ஓர் உரையாடல் பெட்டிக்கு எத்தனை பதில்கள்?

உரையாடல் பெட்டியில் பொத்தான் சேர்ப்பது, செயலி எழுதப் பழகுபவர் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளும் வேலை. நாலைந்து வரிகளில் முடிந்துவிடும். எளிதாக முடிவதாலேயே அது திறனாய்வுக்கு உரிய பொருளாக எவருக்கும் தோன்றவில்லை. திரையின் நிறத்தையும் வேகத்தையும் எடைபோடுகிறவர்கள்கூட, நடுவே எழும் அந்தச் சிறிய பாப்-அப்பைக் கடந்து போய்விடுகிறார்கள். செயலி பயனரை மறித்து நின்று கேள்வி கேட்கும் இடம் அது. பதில் வரும்வரை வேறெதையும் தொடவிடாது. அவ்வளவு அதிகாரத்தை எடுத்துக்கொள்ளும் பெட்டி, பயனருக்குத் தரும் பதில்களை எவ்வளவு நேர்மையாக அடுக்குகிறது என்பதை எடைபோட வேண்டியிருக்கிறது.

நான் கைக்கொள்ளும் அளவுகோல் ஒன்றுதான். ஒரு பொத்தானைச் சேர்க்கும் நிரலாளர், அதை அழுத்தினால் என்ன நேரும் என்பதை வெளிப்படையாகச் சொல்லுமாறு கருவி கட்டாயப்படுத்துகிறதா? அழகு, எளிமை, சுருக்கம் ஆகியவை இதற்கு அடுத்தவை. நல்ல நிரலாளர் எந்தக் கருவியிலும் நல்ல பெட்டியைச் செய்துவிடுவார். கருவியின் தரம் தெரிவது, அவசரத்தில் இருக்கும் சராசரி நிரலாளரின் கையில் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதில்தான்.

அளவுகோலைப் பொருத்திப் பார்க்கும் களமாக இலங்கையின் யட்டியாந்தோட்டையை எடுத்துக்கொள்கிறேன். அவிசாவளையிலிருந்து களனி கங்கையோரமாக ஹட்டன் நோக்கி ஏறும் ஏ7 வீதியில் உள்ள ஊர். சுற்றிலும் இறப்பரும் தேயிலையும். கேகாலை மாவட்டத்தின் இந்தப் பகுதிக்கு மழை புதிதல்ல. ஈரத்திரையில் தொடாத இடமும் தொட்டதாகப் பதிவாகும் என்பதை இங்கே போன் வைத்திருப்பவர் எல்லோரும் அறிவர். பால் வெட்டி முடித்த விரல் நுனியில் இறப்பர் பால் காய்ந்திருக்கும். மலைத் திருப்பத்தில் சிக்னல் போய்விடும். வயதானவர்களின் போனில் எழுத்தளவு பெரிதாக்கப்பட்டிருக்கும். இன்னொன்றும் உண்டு: தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒரு போனைப் பலர் பார்க்கிறார்கள். பாட்டிக்கு வந்த செய்தியைப் பேரன் வாசித்துக் காட்டுகிறான். பெட்டி எழுந்தால் மேலே உள்ள நீண்ட வாக்கியத்தை விட்டுவிட்டுப் பொத்தானில் இருப்பதை மட்டும் உரக்கச் சொல்கிறான். அவன் சொல்வதைக் கேட்டுத்தான் பாட்டி முடிவெடுக்கிறார். இத்தகைய களத்தில் தேறும் வடிவமைப்பு எங்கும் தேறும். கொழும்பில் குளிரூட்டிய அறையில், ஆங்கிலத்தில், புதிய போனில் மட்டும் சோதிக்கப்பட்டது தேறியதாகக் கொள்ள நியாயமில்லை.

அன்ட்ரொய்டிலிருந்து தொடங்குவோம். தோட்டப் பகுதிகளில் பெரும்பாலோர் கையில் இருப்பது அதுதான். 2008இல் வெளிவந்த முதற்பதிப்பிலிருந்தே அதன் அலர்ட் டயலொக்கில் மூன்று இடங்கள் உள்ளன: பாசிட்டிவ், நெகட்டிவ், நியூட்ரல். ஒவ்வொன்றிலும் ஒரு பொத்தானே வைக்கலாம். நான்காவதற்கு இடமில்லை. இதில் இரண்டு நிறைகள் உண்டு. முதலாவது வரம்பு. மூன்றுக்கு மேற்பட்ட பதில்கள் வேண்டியிருந்தால், கேள்வியே பெட்டிக்குப் பொருந்தாதது என்று கருவி சொல்லிவிடுகிறது. இரண்டாவது, பொத்தானை எண்ணால் அல்லாமல் பாத்திரத்தால் அறிவது. அதே காலத்து ஐபோனின் பழைய அலர்ட் வியூ, அழுத்தப்பட்டது எத்தனையாவது பொத்தான் என்பதை மட்டுமே நிரலுக்குச் சொன்னது. இடையில் புதிதாக ஒரு பொத்தானைச் செருகினால் பின்னால் உள்ள எண்கள் எல்லாம் நகரும். ‘இரண்டு என்றால் அழி’ என்று எழுதப்பட்ட நிரல், இப்போது இரண்டாம் இடத்துக்கு நகர்ந்துவிட்ட ‘சேமி’யை அழுத்தினாலும் அழித்துவிடும். அன்ட்ரொய்டின் பாத்திரமுறை அந்தப் பிழைக்கே இடம் வைக்கவில்லை. 2011இல் நான்காம் பதிப்பு வந்தபோது, அதுவரை இடப்பக்கம் இருந்த பாசிட்டிவ் பொத்தான் வலப்பக்கம் மாறியது. பாத்திரப் பெயரால் எழுதப்பட்டிருந்த நிரல்களைத் திருத்தாமலே அந்த மாற்றத்தைச் செய்ய முடிந்தது. பழகிய பெருவிரல்கள் சிலகாலம் தடுமாறியிருக்கும். ஆயினும் கருவியின் உள்ளமைப்பு உறுதியானது என்பதற்கு அந்த மாற்றமே சான்று.

ஆனால் பாசிட்டிவ் என்பது எதைச் சொல்கிறது? பயனர் தொடங்கிய காரியம் முன்செல்லும் என்பதை மட்டும். முன்செல்லும் காரியம் ஒரு படத்தைச் சேமிப்பதாகவும் இருக்கலாம், ஆறு மாதப் பதிவுகளை அழிப்பதாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே அழைப்பு, ஒரே நிறம், ஒரே இடம். பாத்திரம் தெரிகிறது, விளைவு தெரியவில்லை. என் அளவுகோலில் அன்ட்ரொய்ட் பாதிவழி வந்து நின்றுவிடுகிறது.

அதைவிடப் பெரிய குறை, எண்ணிக்கையில் வராத ஒரு பொத்தானில் இருக்கிறது. பெட்டிக்கு வெளியே தொட்டாலும், பின்செல்லும் விசையை அழுத்தினாலும் பெட்டி மறைந்துவிடும். இதுவும் ஒரு பதில்தான். ஆனால் நெகட்டிவ் பொத்தானுக்கு எழுதிய நிரல் அப்போது இயங்காது. அதற்கென்று தனியாக இன்னோர் அழைப்பு உண்டு. அதை எழுதவேண்டும் என்று கருவி எங்கும் வற்புறுத்தவில்லை. தோட்டத்தில் பேர் பதியும் ஒரு செக்ரோல் செயலியை எண்ணிப் பாருங்கள். மாலையில் கணக்குப்பிள்ளை பதிவை முடிக்கும்போது ‘இன்றைய பேர்களை அனுப்பவா?’ என்று பெட்டி கேட்கிறது. பாசிட்டிவ் பொத்தானுக்கு அனுப்பும் நிரல். நெகட்டிவ் பொத்தானுக்குப் போனிலேயே சேமித்து வைக்கும் நிரல். மழைத்துளி ஒன்று பெட்டிக்கு வெளியே விழுகிறது, திரை அதைத் தொடுகையாக எடுத்துக்கொள்கிறது. அனுப்பவும் இல்லை, சேமிக்கவும் இல்லை. யாருக்கோ ஒரு நாட்பேர் போய்விடும். நாட்கூலிக்கு ஒரு பேர் என்றால் என்ன என்பதை அறிந்தவர்கள், இதைச் சின்னக் குறையென்று ஒதுக்கமாட்டார்கள். நிரலாளர் கவனமாக இருந்திருக்கலாம் என்பது உண்மை. கவனமில்லாதவரைக் கருவி எச்சரித்திருக்கலாம் என்பதும் உண்மை. வெளியே தொடுவதைத் தடுக்க வழி இருக்கிறது. ஆனால் இயல்பு நிலை திறந்த கதவாகவே வைக்கப்பட்டிருக்கிறது.

அப்பிள் நிறுவனம் 2014இல் ஐஓஎஸ் 8 உடன் கொண்டுவந்த அலர்ட் கன்ட்ரோலர், எண்முறையை அடியோடு கைவிட்டு நேரான வழியைப் பிடித்தது. ஒவ்வொரு பொத்தானும் தலைப்பு, பாணி, இயங்கவேண்டிய நிரல் மூன்றையும் தன்னோடு சுமந்து வருகிறது. பாணி மூன்று வகை: வழக்கமானது, கைவிடுவது, அழிப்பது. பாணியைக் குறிப்பிடாமல் பொத்தானை உருவாக்கவே முடியாது. இந்தக் கட்டாயமே அதன் சாதனை. ‘அழிப்பது’ என்று குறித்தால் எழுத்துச் சிவப்பாகிறது. ‘கைவிடுவது’ என்று குறித்தால், எந்த வரிசையில் சேர்த்தாலும் இரண்டு பொத்தான் பெட்டியில் அது இடப்பக்கம் போய் நிற்கிறது. பொத்தான்கள் மேல்கீழாக அடுக்கப்பட்டால் அடியில் நிற்கிறது. ஒரே பெட்டியில் இரண்டு கைவிடும் பொத்தான்களைச் சேர்த்தால் செயலியே நின்றுபோகும். கடுமைதான். ஆனால் வெளியேறும் வழி இரண்டாக இருந்தால் எது எங்கே கொண்டுபோகும் என்று பயனருக்குத் தெரியாது என்ற கொள்கையை, அறிவுரையாக எழுதி வைக்காமல் விதியாக்கியிருக்கிறது. பெட்டிக்கு வெளியே தொட்டால் ஒன்றும் நடக்காது என்பதும் நிறைப் பக்கமே. சொல்லாத பதிலுக்கு அங்கே இடமில்லை.

குறைகளும் உண்டு. பொத்தான் எண்ணிக்கைக்கு வரம்பில்லை. பத்துப் பொத்தான் சேர்த்தால் பெட்டிக்குள்ளே உருட்டிப் பார்க்கும் பட்டியலாகிவிடும். அன்ட்ரொய்ட் காட்டிய அடக்கம் இங்கே இல்லை. சோம்பல் உள்ள நிரலாளர் எல்லாவற்றையும் வழக்கமான பாணியில் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். அதைவிட வருத்தம் தருவது பின்னாளில் நேர்ந்தது. 2021இல் ஸ்விஃப்ட்யூஐயின் புதிய அலர்ட் வடிவம் வந்தபோது, பாணி ‘பங்கு’ என்று பெயர் மாறியதோடு விருப்பத்துக்குரியதாகவும் ஆகிவிட்டது. எழுதலாம், எழுதாமலும் விடலாம். எழுத்து சுருங்கியது. அதற்குக் கொடுத்த விலை, முன்னோடி வடிவத்தின் மிகச் சிறந்த பண்பு. சுருக்கத்தை நவீனத்தின் அடையாளமாகக் கொள்ளும் போக்கை இத்துறையில் பலமுறை பார்த்திருக்கிறோம். இந்த இடத்தில் அது பின்னடைவு.

அடுத்த தலைமுறையில் கூகுளின் இரண்டு கருவிகள் கவனத்துக்குரியவை. ஜெட்பெக் கொம்போஸ் 2021இல் நிலையான பதிப்பாக வந்தது. அதன் பெட்டியில் உறுதிசெய்யும் பொத்தான் கட்டாயம், கைவிடும் பொத்தான் விருப்பம். இதுமட்டும் என்றால் பழைய முறையிலிருந்து ஓரடி பின்வாங்கியதாகவே சொல்லியிருப்பேன். ஆனால் இன்னொன்றும் கட்டாயம்: வெளியே தொட்டாலோ பின்சென்றாலோ என்ன செய்வது என்பதற்கான நிரல். அதை எழுதாமல் பெட்டியை உருவாக்க முடியாது. பழைய அன்ட்ரொய்ட் பதின்மூன்று ஆண்டுகள் திறந்தே வைத்திருந்த கதவுக்கு ஒரு காவலாளி வந்துவிட்டார். நிரலாளர் அங்கே வெறும் அடைப்புக்குறியை மட்டும் போட்டுவிட்டுப் போகலாம். ஆனால் இப்போது அது தெரிந்தே செய்யும் புறக்கணிப்பு. தெரியாமல் நேரும் மறதியைக் கருவி தடுத்துவிட்டது. இதற்குமேல் ஒரு கருவியிடம் எதிர்பார்ப்பது நியாயமல்ல.

ஃப்ளட்டர் வேறு பாதையில் அதே இடத்துக்கு வருகிறது. அதன் பெட்டியில் பொத்தான்களுக்குப் பாத்திரமும் இல்லை, பாணியும் இல்லை. ‘அக்‌ஷன்ஸ்’ என்ற ஒரு பட்டியல், அதில் எதையும் எத்தனையும் வைக்கலாம். தொடக்கநிலையில் இருப்பவருக்கு இது மிகுந்த விடுதலை. திறனாய்வாளருக்கு இது நெறியின்மை. ஒரே செயலியின் இரண்டு பெட்டிகளில் ‘வேண்டாம்’ ஒருமுறை வலத்திலும் ஒருமுறை இடத்திலும் நிற்பதைக் கருவி தடுக்காது. ஆனால் பெட்டி தரும் விடையை ஃப்ளட்டர் கையாளும் விதத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. உண்டு, இல்லை என்ற விடையை எதிர்பார்த்துப் பெட்டியைத் திறந்தாலும், வெளியே தொட்டு மூடினால் திரும்பி வருவது வெறுமை. 2021இல் ஃப்ளட்டரின் மொழியான டார்ட்டில் வெறுமைப் பாதுகாப்பு வந்தபின், அந்த மூன்றாம் விடையைப் பொருட்படுத்தாத நிரலைத் தொகுப்பியே ஏற்க மறுக்கிறது. மௌனத்தை ‘இல்லை’ என்று கொள்வதா, திரும்பக் கேட்பதா என்று நிரலாளர் எழுதித்தான் ஆகவேண்டும். பெட்டியை வடிவமைத்தவர்கள் விட்டதை மொழியை வடிவமைத்தவர்கள் ஈடுசெய்திருக்கிறார்கள். பெருமை பின்னவர்களுக்கே.

இந்தப் புதிய கருவிகள் இரண்டும் இழந்த ஒன்றையும் சொல்லவேண்டும். பழைய அன்ட்ரொய்டிலும் ஐபோனிலும் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் பெட்டி தானாகவே மூடிவிடும். உள்ளே எண் எழுதவேண்டிய பெட்டியில் தவறான எண் எழுதினால் அது இடைஞ்சல்தான். திருத்தும்முன் பெட்டி போய்விடும். ஐபோன் அதற்கு விடையாகப் பொத்தானை முடக்கிவைக்கும் வசதியைத் தந்தது. அன்ட்ரொய்டில் குறுக்குவழி தேடவேண்டியிருந்தது. ஆனால் தானாக மூடுவதில் ஒரு பாதுகாப்பு இருந்தது: ஒரு பெட்டியை இரண்டு முறை அழுத்த முடியாது. கொம்போஸும் ஃப்ளட்டரும் மூடும் பொறுப்பை நிரலாளரிடம் கொடுத்துவிட்டன. சிக்னல் இல்லாத மலைத் திருப்பத்தில் ‘அனுப்பு’ என்று அழுத்தியவர், ஒன்றும் நடக்காதது கண்டு மறுபடியும் அழுத்துவார். எல்லோரும் அப்படித்தான் செய்வோம். பொத்தானை முதல் அழுத்தலிலேயே முடக்காத செயலி இரண்டு முறை அனுப்பிவிடும். ஃப்ளட்டரில் இதற்கு இன்னொரு விளைவும் உண்டு. மூடும் கட்டளை இரண்டு முறை ஓடினால் முதலாவது பெட்டியை மூடும், இரண்டாவது அடியில் இருந்த பக்கத்தையே மூடிவிடும். சுதந்திரம் கொடுத்த கருவி, அதன் ஆபத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

இனி, கருவிகள் எல்லாம் சேர்ந்து தவறும் இடத்துக்கு வருகிறேன். பொத்தானில் எழுதப்படும் சொல் அது. 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிய நாட்டில், அரச செயலியின் ஒவ்வொரு பொத்தானும் சிங்களத்திலும் தமிழிலும் நிற்கத் தகுதியாக இருக்கவேண்டும். ஆனால் பெட்டியின் அகலம் ஆங்கிலச் சொல்லை வைத்தே அளக்கப்படுகிறது. கூகுளின் மெட்டீரியல் நெறி பெட்டிக்கு வைத்த குறைந்த அகலம் 280 அலகு. இருபுறமும் 24 விட்டால் 232 மிஞ்சும். ‘இப்போது வேண்டாம்’, ‘பின்னர் நினைவூட்டு’ என்ற இரண்டும் அதில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பது கடினம். எழுத்தளவைப் பெரிதாக்கிய போனில் வாய்ப்பே இல்லை. 2023இல் வந்த அன்ட்ரொய்ட் 14 எழுத்தை இருநூறு சதவீதம்வரை பெரிதாக்க விடுகிறது. இடம் போதாதபோது பொத்தான்களை மேல்கீழாக அடுக்கும் ஏற்பாடு இந்தக் கருவிகள் எல்லாவற்றிலும் உண்டு. அது நிறை. ஆனால் அடுக்கியபின் எது மேலே, எது கீழே என்பதில் இவற்றுக்குள் ஒருமைப்பாடு இல்லை. ஐபோனில் கைவிடுவது எப்போதும் அடியில். மெட்டீரியல் நெறியும் உறுதிசெய்வதை மேலே வைக்கச் சொல்கிறது. ஃப்ளட்டரோ, சொல்லாவிட்டால், பட்டியலில் எழுதிய வரிசையிலேயே மேலிருந்து கீழாக அடுக்கும். வழக்கப்படி ‘வேண்டாம்’ முதலில், ‘அனுப்பு’ பின்னால் என்று எழுதியிருந்தால், ஆங்கிலத்தில் வலப்பக்கம் நின்ற ‘அனுப்பு’ தமிழில் அடிக்குப் போய்விடும். கைவிடும் பொத்தானைத் தேடும் விரல் அங்கே போய் அனுப்பிவிடும். ஒரே செயலி, மொழியை மாற்றியதும் பொத்தான்களின் வரிசையையும் மாற்றிக்கொள்கிறது.

2014இல் வந்த மெட்டீரியல் வடிவத்தில் பெட்டியின் பொத்தானுக்குக் கட்டம் இல்லை. பொத்தான் வெறும் நிற எழுத்தாக நின்றது. ஆங்கிலத்தில் அது முழுக்கப் பெரிய எழுத்தில் வந்ததால், செய்தி வாக்கியத்திலிருந்து வேறுபட்டுத் தெரிந்தது. தமிழில் பெரிய எழுத்தும் இல்லை, சிறிய எழுத்தும் இல்லை. வேறுபடுத்த எஞ்சியது நிறம் ஒன்றே. வெயிலில் மங்கிய திரையில், கண் மங்கியவருக்கு, பொத்தான் செய்தியின் கடைசி வரியாகவே தோன்றும். உலகின் பல எழுத்துமுறைகளில் இல்லாத ஒன்றை அடித்தளமாக வைத்து ஓர் உலகளாவிய நெறியை எழுதியது அந்த வடிவமைப்பின் பெரும் பிழை. 2021இல் வந்த மூன்றாம் பதிப்பு முழுப் பெரிய எழுத்தைக் கைவிட்டது. கட்டத்தைத் திரும்பக் கொண்டுவரவில்லை.

சொல்லைத் தேர்பவர்களின் பொறுப்பும் குறைவல்ல. பெட்டியில் கேள்வியைக் கேட்பது செயலி. பொத்தானில் பேசுவது பயனர். இந்த இரண்டு குரல்களையும் பிரித்தறியாத பெட்டி குழப்பம் தரும். ‘அனுமதிக்காதே’ என்று ஒரு பொத்தானில் எழுதினால், பயனர் செயலிக்கு இடும் கட்டளை என்பது வடிவமைத்தவரின் எண்ணம். உரக்க வாசிக்கும் பேரனின் வாயிலிருந்து கேட்கும் பாட்டிக்கு, போன் தன்னை அதட்டுவதாகவே கேட்கும். ‘வேண்டாம்’ என்றால் குரல் யாருடையது என்பதில் ஐயமில்லை. அதைவிட மோசமானது ‘முன்பதிவை ரத்து செய்யவா?’ என்ற கேள்விக்குக் கீழே ‘ரத்துசெய்’, ‘சரி’ என்ற இரண்டையும் வைப்பது. முன்பதிவை ரத்து செய்ய எதை அழுத்துவது? எந்தக் கருவியும் இதைத் தடுக்கவில்லை. பாணியையும் மௌனத்துக்கான நிரலையும் கட்டாயமாக்கிய கருவிகள், சொல்லை எதுவுமாகவும் இருக்கலாம் என்று விட்டுவிட்டன. கேள்வியின் வினைச்சொல்லையே பொத்தானில் வைத்து, மறுபக்கம் ‘வைத்திரு’ அல்லது ‘வேண்டாம்’ என்று போட்டால் தமிழில் இவ்வளவு குழப்பம் நேராது. அப்பிளின் வடிவமைப்பு நெறியே ‘ஆம்’, ‘சரி’ ஆகியவற்றைவிட வினைச்சொல்லை விரும்புகிறது. நெறி இருக்கிறது, கருவி அதைக் கேட்டுவாங்குவதில்லை.

பொத்தான் சேர்ப்பது கொள்கை மாற்றமாகவும் இருக்கலாம் என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. இருப்பிடத்தை அறிய அனுமதி கேட்கும் பெட்டி, அன்ட்ரொய்டில் 2015 முதல் கொடு, கொடாதே என்று இரண்டே பதில் வைத்திருந்தது. 2019இல் ‘செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும்’ என்ற பதில் சேர்ந்தது. அடுத்த ஆண்டு ‘இம்முறை மட்டும்’ என்பதும் சேர்ந்தது. ஐபோன் முதலாவதை 2014இலேயே தந்திருந்தது. இந்தப் பொத்தான்கள் பெட்டியை நீளமாக்கின, வாசிக்கும் நேரத்தைக் கூட்டின. ஆயினும் அவை நியாயமானவை, ஏனெனில் ஒவ்வொன்றும் வேறெந்தப் பொத்தானும் தராத ஒரு விளைவைத் தருகிறது. பின்னர் நினைவூட்டவா, நாளை நினைவூட்டவா, அடுத்தவாரமா என்று சேர்க்கப்படும் பொத்தான்களுக்கு அந்த நியாயம் இல்லை.

மறுபுறம், ஒரே பொத்தான் உள்ள பெட்டி. கேள்வியே இல்லாமல் ‘சரி’ என்று மட்டும் கேட்பது. அதன் ஆபத்தைப் பார்க்கக் கேகாலைக்கே திரும்புவோம். 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை சரிந்ததைக் கண்ட மாவட்டம் இது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழைக்காலத்தில் பிரதேச செயலாளர் பிரிவுவாரியாக விடும் மண்சரிவு எச்சரிக்கைகளில் யட்டியாந்தோட்டையின் பெயர் அடிக்கடி வரும். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று கட்டம். அவற்றை ஒரு செயலி பாப்-அப்பாகக் காட்டி, மூன்றுக்கும் அடியில் ஒரே ‘சரி’ வைத்தால் என்ன ஆகும்? விழிப்பாக இரு என்பதும் வீட்டைவிட்டு வெளியேறு என்பதும் ஒரே விரலசைவில் மறைந்துவிடும், திரும்பத் தேடவும் வழியிருக்காது. எச்சரிக்கை பெட்டியாக வரவேண்டிய பொருளே அல்ல. அது திரையில் நிலைத்து நிற்கவேண்டும். பெட்டியாக வைத்தே ஆகவேண்டுமானால், சிவப்புக் கட்டத்தின் பொத்தான் ‘பாதுகாப்பு நிலையம் எங்கே’ என்று காட்டவேண்டும்.

பெட்டியே தேவையா என்ற கேள்வியும் உண்டு. இடைமுக வடிவமைப்பாளர் ஜெஃப் ரஸ்கின் 2000இல் வெளியிட்ட ‘தி ஹியூமேன் இன்டர்ஃபேஸ்’ நூல், உறுதிகேட்கும் பெட்டிகளின் அடிப்படையையே மறுத்தது. திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விக்கு விரல் பழகிவிடும், பழகியபின் பெட்டி பாதுகாப்பதில்லை, எனவே கேட்பதைவிட மீட்கும் வழியைக் கொடு என்பது அவர் வாதம். மெட்டீரியல் வடிவம் 2014இல் கொண்டுவந்த, அடியில் தோன்றி மறையும் ‘மீட்டெடு’ பட்டை இந்த வாதத்தின் நடைமுறை. வாதத்தை நான் ஏற்கிறேன், எல்லையோடு. செக்ரோலில் ஒரு பெயரை நீக்குவதற்குப் பெட்டி தேவையில்லை. நீக்கிவிட்டு மீட்க வழி வைத்தால் போதும். சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் இது இன்னும் இயல்பானது, ஏனெனில் மாற்றம் எப்படியும் போனிலேயே காத்திருந்து பின்னர்தான் மேலே போகிறது. காத்திருக்கும் அந்த நேரமே மீட்கும் நேரம். பணம் அப்படியல்ல. லங்காபேயின் செஃப்ட்ஸ் வலையமைப்பில் ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் சில நொடிகளில் போய்ச்சேரும். தவறான கணக்குக்குப் போனதை அனுப்பியவர் தனித்துத் திரும்பப் பெறமுடியாது. மீட்க முடியாத செயலுக்குத்தான் பெட்டி. அங்கே பெட்டி முழுத் தகுதியோடு நிற்கவேண்டும்: பெறுபவரின் பெயர் செய்தியில், தொகை பொத்தானிலேயே. ‘ரூ. 5,000 அனுப்பு’ என்று பேரன் வாசித்தால், ஐயாயிரமா ஐம்பதாயிரமா என்று பாட்டி அந்த நொடியிலேயே கேட்டுவிடுவார். ‘சரி’ என்று வாசித்தால் கேட்க அவருக்கு ஒன்றுமில்லை.

இனித் தீர்ப்பு. விளைவை முன்கூட்டியே சொல்லவைப்பதில் 2014இன் அப்பிள் வடிவமே இன்றுவரை முதன்மையானது. பாணியைக் கட்டாயமாக்கியதும், இரண்டாவது கைவிடும் பொத்தானை மறுத்ததும் அதன் பெருமை. அதன் வாரிசான 2021 வடிவத்துக்கு அந்த இடத்தைத் தரமாட்டேன். மௌனத்தைப் பதிலாக ஏற்று அதற்கு நிரல் கேட்டுவாங்குவதில் கொம்போஸ் முதலிடம் பெறுகிறது, இயல்புநிலையில் வெளியே தொட்டு மூடக்கூடிய பெட்டிகளுக்குள் அதுவே பொறுப்பானது. ஃப்ளட்டர் தன் மொழியின் உதவியால் தேறுகிறது, தன் பெட்டியின் வடிவமைப்பால் அல்ல. பழைய அன்ட்ரொய்டின் பாத்திரமுறையும் மூன்று என்ற வரம்பும் மீட்டுக்கொள்ளத் தக்கவை. அது திறந்துவைத்த கதவு மன்னிக்கத் தக்கதல்ல. தமிழ்ப் பொத்தானுக்கு வேண்டிய இடத்தையும் எல்லையையும் வரிசையையும் இயல்பாகவே தரும் பெட்டி இவற்றுள் ஒன்றுமில்லை. அதைச் செயலியை எழுதுபவரே செய்யவேண்டியிருக்கிறது: பொத்தான்களை எப்போதும் மேல்கீழாகவே அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் கட்டமிட்டு, கைவிடுவதை அடியில் நிறுத்தி, வெளியே தொட்டால் மூடாதபடி வைத்து. அந்த நான்கையும் செய்யாத பெட்டியை, அது எந்தக் கருவியில் எழுதப்பட்டிருந்தாலும், யட்டியாந்தோட்டைக்கு வெளியிடத் தகுதியானதாக நான் ஏற்கமாட்டேன்.